சாலை மூடியிருக்கும் வரை

புக்கிட் மேரா, சிங்கப்பூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் கண்ணில் பட்டது சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த துணிக்கழிகள்தான். ஒரு கழியில் அப்பாவின் சட்டைகள் மட்டும் தொங்கின. அம்மாவின் துணிகளும் என்னுடையவையும் இன்னொரு கழியில் இருந்தன. எப்போதும் எல்லாம் கலந்துதான் கிடக்கும். இடம் போதவில்லை என்று அம்மா நினைத்திருக்கலாம்.

கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறந்துவிட்டேன். நாங்கள் எல்லாரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மடத்தில் மற்ற சிஸ்டர்களும் நலமா?

நீங்கள் அனுப்பிய பிறந்தநாள் அட்டை கிடைத்தது. என் ஞானத்தாய் என்பதால் வருடம் தவறாமல் அனுப்புகிறீர்கள். அப்பா எழுதும் பதிலுக்குக் கீழே என் பெயரை மட்டும் எழுதுவது என் வழக்கம். இந்தத் தடவை அப்பா, “உனக்குப் பதினேழு ஆச்சுலா, நீயே எழுது. எனக்கு மூடு இல்ல” என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு வாட்ஸ்அப் இருந்தால் ஒரு பூப்படத்தை அனுப்பி முடித்திருப்பேன். அடைபட்ட மடத்தில் சிஸ்டர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் பேனாவைத் தேடி எடுத்தேன்.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். உயர்நிலை மூன்றோடு நான் பள்ளியை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் வாய் வராது. பிறகு பள்ளி வாசல்வரை போகக் காலும் வரவில்லை. இப்போது லிட்டில் இந்தியாவில் மருதப்பன் அண்ணனின் துணிக்கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் சேலைகளை மடித்து வைப்பேன். சேலைகளோடு பேச வேண்டியதில்லை.

மற்ற நேரம் என் கட்டிலில் படுத்துப் படிக்கிறேன். நூலகத்தில் தமிழ் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தடித்த துப்பறியும் நாவல் கிடைத்தது. பழைய அட்டை போய் வேறு அட்டை ஒட்டியிருக்கிறார்கள். மலைமேல் ஓர் ஓட்டல். விடாத மழை. மண் சரிந்து சாலை மூடிவிடுகிறது. யாரும் கீழே போக முடியாது, யாரும் மேலே வரவும் முடியாது. அங்கே தங்கியிருக்கும் நகை வியாபாரி அறையில் இறந்துகிடக்கிறார். ஓட்டலில் இருப்பவர்களில் ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். அப்படியும் மறுநாள் காலையில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார்கள். அந்த இடத்தை மறுபடியும் படித்தேன்.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடாலி


மடம், ஈப்போ
29 செப்டம்பர் 2025

என் ஞானமகள் நடாலிக்கு,

உன் கையெழுத்தில் ஒரு முழுக் கடிதம் வந்ததும் வாசல் சிஸ்டர் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார். கதவு, போன், தபால் மூன்றையும் பார்த்துக்கொள்பவர் அவர்தான். எங்களில் வெளியுலகத்தோடு பேச அனுமதி உள்ளவர் அவர் ஒருவரே. நான் சுகம். முழங்கால் மட்டும் தன் விருப்பப்படி நடந்துகொள்கிறது. உங்கள் எல்லாரையும் ஆண்டவர் தம் கையில் வைத்திருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நகை வியாபாரியைக் கடைசியாகப் பார்த்தது யார்?

சிரிக்காதே. இங்கே வந்து பதினாறு வருடமாகிறது. அதற்குமுன் உன் அத்தை பேருந்தில் நின்றுகொண்டே நாவல் படித்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறவள். இங்கே நாவல்கள் இல்லை. அது நானே விரும்பிக் கைவிட்டது, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதத்தில் அந்த ஓட்டலைப் படித்ததும் பழைய பசி வந்துவிட்டது. எங்கள் மடத்தலைவி மதரிடம் கேட்டேன். “கடிதத்தில் வரும் கதையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே” என்றார். பொழுதுபோக்கு நேரத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். சமையல் சிஸ்டருக்கு ஓட்டலின் சமையற்காரன்மேல் சந்தேகம். சட்னியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையாம், அதனால்.

கழிகளைப் பற்றி எழுதியிருந்தாய். உன் அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், அவன் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும். அதனால் உன் அம்மா பிரித்திருப்பாளோ?

தொடர்ந்து எழுது.

அன்புடன்,
அத்தை அல்போன்சம்மாள்


புக்கிட் மேரா
12 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா நலம். அம்மா நலம். ஜெரார்ட் அண்ணன் தேசிய சேவை ராணுவ முகாமில் நலம். நானும் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நீங்களெல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் பயம் வந்தது. நேரில் என்றால் ஒரு வார்த்தையும் வந்திருக்காது.

நகை வியாபாரியைக் கடைசியாகப் பார்த்தது ஒரு மருத்துவர். தூக்க மாத்திரை கொடுக்கப் போனதாகச் சொல்கிறார். ஆனால் அவர் குடை நனைந்திருந்தது. பக்கத்து அறைக்குப் போகிறவருக்குக் குடை எதற்கு? இன்னும் மழை நிற்கவில்லை. சாலையை இப்போதைக்குச் சரிசெய்ய முடியாது என்று ஓட்டல்காரர் சொல்கிறார். எல்லாரும் அவரைத் திட்டுகிறார்கள். எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது.

தீபாவளி நெருங்கிவிட்டதால் கடையில் நிற்க இடமில்லை. நான் கல்லாவுக்குக் கீழே குந்தி ஒரு பக்கம் படித்துக்கொண்டிருந்ததை மருதப்பன் அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, சேலைய மடிக்கச் சொன்னா நீயே மடிஞ்சு உக்காந்திருக்க?”

கூட வேலை செய்யும் யும்னா அக்கா, “விடுங்க பாஸ். வாயத் தொறக்காத புள்ள, கண்ணையாச்சும் தொறந்து வச்சிருக்கட்டும்” என்றார். அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறேன். லிஃப்ட் இருப்பதால் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. காற்று நன்றாக வருகிறது. அம்மா கூப்பிட்டால் கொஞ்சம்தான் கேட்கும்.

எல்லா சிஸ்டர்களுக்கும் என் வணக்கம்.

நடாலி


மடம், ஈப்போ
6 நவம்பர் 2025

அன்பு நடாலி,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மடம் இரண்டு கட்சியாகிவிட்டது. மதர் மருத்துவர் பக்கம். “மருத்துவர்கள் எந்நேரமும் எங்கேயாவது போய்க்கொண்டுதான் இருப்பார்கள். குடை நனையாமல் என்ன செய்யும்?” என்கிறார். சமையல் சிஸ்டர் இன்னும் சமையற்காரனை விடவில்லை. எனக்கு அந்த ஓட்டல்காரரைத்தான் பிடிக்கவில்லை. உடம்பு சுகம்தான். ஒத்தடமும் கொடுக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இம்மாதக் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ்வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது. தவக்காலத்திலும் அப்படித்தான், சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரை. அப்போது வருகிறவை மதரின் மரப்பெட்டியில் பிரிக்காமல் காத்திருக்கும். சாவு, நோய் போன்ற அவசரம் என்றால் மட்டும் மதர் பிரித்துப் பார்ப்பார். அதனால் மருத்துவரைக் கிறிஸ்துமஸுக்குள் தூக்கில் போட்டுவிடாதே.

முதல் கடிதத்தில் “எல்லாரும் நலம்” என்று எழுதினாய். இரண்டாவதில் ஒவ்வொருவராக நலம் சொன்னாய். எனக்கு இங்கே வேலை குறைவு, அதனால் கடிதத்தைப் பலமுறை படிக்கிறேன். அவ்வளவுதான்.

படிக்கட்டு ஈரமாக இருந்தால் உட்காராதே.

அன்புடன்,
அத்தை


புக்கிட் மேரா
28 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எங்கள் அட்டை வந்திருக்கும். நான் நலம். மடத்தில் குடில் வைத்தீர்களா? இங்கே இந்த வருடம் வைக்கவில்லை. சொரூபங்கள் இருக்கும் பெட்டி பொங்கோலில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா வார இறுதிகளில் சித்தி வீட்டில் தங்குகிறார். சித்தியின் குழந்தைகள் சின்னவர்கள், அவர்களுக்குக் குடில் பிடிக்கும்.

நாவலில் இரண்டாவது ஆள் இறந்துவிட்டார். உங்கள் ஓட்டல்காரர்தான், மன்னிக்கவும். இப்போது சமையலறையில் அரிசி குறைந்துகொண்டு வருகிறது. கல்லூரி மாணவி ஒருத்தி கஞ்சியை எல்லாருக்கும் சமமாக ஊற்றுகிறாள். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டாலும் கிண்ணத்தை நீட்டும்போது நன்றி சொல்கிறார்கள். நான் மெதுவாகப் படிக்கிறேன். நூலகத்தில் தவணையை நீட்டிக்கொண்டே இருக்கிறேன். வேறு யாரும் கேட்கவில்லை.

இப்போது ரயிலில் படிக்கிறேன். வேலை முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் ஏறிப் பொங்கோல் தாண்டிக் கடைசி நிலையம்வரை போவேன். இறங்க மாட்டேன். அதே ரயிலில் திரும்பி வருவேன். ஏர்கான் இருக்கிறது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. சத்தமில்லாமல் இவ்வளவு பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்கிறது.

உங்களுக்கும் எல்லாருக்கும் வரும் வருடம் நல்லதாக அமையட்டும்.

நடாலி


மடம், ஈப்போ
17 ஜனவரி 2026

அன்பு நடாலி,

உன் கடிதமும் அட்டையும் கையில் இருக்கின்றன. எனக்கு ஜலதோஷம், வேறு ஒன்றுமில்லை. ஓட்டல்காரருக்காக இங்கே நிஜமாகவே ஒரு சிஸ்டர் ஜெபமாலை சொல்லப் போனார், நான்தான் தடுத்தேன்.

இனி வேடிக்கையாக எழுதப் போவதில்லை. கட்டிலில் படித்தாய், பிறகு படிக்கட்டில், இப்போது பொங்கோல்வரை போய்விட்டாய். அட்டையில் உன் அப்பா லாசரஸின் கையெழுத்தும் உன் அம்மாவின் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டையும் நீதான் போட்டிருக்கிறாய்.

உன் அப்பா எனக்குத் தம்பி. எங்கள் அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். மற்றவர்கள் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், நான் சொன்னால் கேட்பான். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கிறேன். சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் அந்த மாணவிக்குக் கஞ்சி கிடைத்ததா என்றாவது எழுது.

அன்புடன்,
அத்தை


புக்கிட் மேரா
13 பிப்ரவரி 2026

அன்புள்ள அத்தைக்கு,

ஜலதோஷம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். அதனால்தான் தாமதம்.

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதனால் என்று எனக்குத் தெரியாது. காத்தோங்கில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்தார்கள், மறுநாளிலிருந்து பேச்சில்லை. அந்த ஒரு நாளில் வந்ததாக இருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் என் வழியாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே சோபாவில் இந்த முனையில் அவர், அந்த முனையில் இவர்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, ஏர்கான் ஆளு சனிக்கிழமை வர்றான்னு.”

“உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் காது நல்லாத்தான் இருக்குன்னு.”

“காது இருந்து என்னத்துக்கு, கேக்கணும்லன்னு சொல்லு.”

நடுவில் நின்று நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், “நான் சொன்னதச் சொன்னியா இல்லையா?” என்று கேட்பார்கள். திட்டுகளையும் நான்தான் சொல்கிறேன், அத்தை. என் வாயால் அம்மாவைத் திட்டியிருக்கிறேன், என் வாயால் அப்பாவைத் திட்டியிருக்கிறேன். அண்ணன் முகாமிலிருந்து வருகிற சனிக்கிழமைகளில் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறான். “நீ எப்படிதான் இருக்கியோ” என்றான். அவ்வளவுதான்.

புத்தகத்தில் யாரும் என்னைக் கூப்பிட்டு, இதைப் போய் அவரிடம் சொல் என்று சொல்வதில்லை. அவர்களே பேசிக்கொள்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மார்ச் கடைசியில் அம்மா பொங்கோலுக்கே போகப்போகிறார். சித்தி ஓர் அறையைக் காலிசெய்து தருகிறார். அதற்குள் நான் யாரோடு இருக்கப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். போன வாரம் அம்மா, கோவில் ஃபாதரிடம் போய்ப் பேசலாம் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். அப்பா, “ஃபாதர் யாரு எனக்குச் சொல்றதுக்கு? எங்கக்கா சொல்லட்டும், கேக்குறேன்” என்றார். அம்மா, “அப்ப அவங்க அக்காவுக்கு எழுதச் சொல்லு” என்றார். அப்பா, “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எழுதுறதுன்னு கேளு” என்றார்.

அதனால் நான் எழுதுகிறேன். அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். அம்மாவிடம் நேராகப் பேசச் சொல்லுங்கள். சமாதானம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. அவரே பேசட்டும். அம்மா போவதற்குள் எழுதுங்கள், அத்தை.

மாணவிக்குக் கஞ்சி கிடைத்தது. கடைசியாகத்தான்.

நடாலி


புக்கிட் மேரா
20 பிப்ரவரி 2026

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். நீங்கள் இதைப் படிக்கும்போது அது பழைய கேள்வியாகியிருக்கும்.

புதன்கிழமை சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். ரயில் நிறையச் சிவப்புச் சட்டைகளும் ஆரஞ்சுப் பழப் பைகளும். நான் புத்தகத்தில் இருந்தேன். எதிரே ஒரு சீன ஆன்ட்டி ஏறி உட்கார்ந்தார். நெற்றியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசித்தேன், வழக்கம்போல வாய் வரவில்லை. இன்னொரு தடவை பார்த்தபோதுதான் அது சிலுவை என்று தெரிந்தது. சாம்பல். அன்று சாம்பல் புதன்.

எனக்கு மறந்தே போய்விட்டது. முன்பெல்லாம் தவக்காலம் வருவது வீட்டில் தெரியும். போன வருடத்துக் குருத்தோலையை எரிப்பதற்காகக் கோவிலில் கொடுத்துவிட்டு வருவோம், அம்மா வெள்ளிக்கிழமைக்கு மீன் சொல்லிவைப்பார். இப்போது அப்பா சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போகிறார், அம்மா பொங்கோல் பக்கத்துக் கோவிலுக்குப் போகிறார். நான் இரண்டுக்கும் போவதில்லை. யாரோடு போனாலும் மற்றவர் பார்க்கிற பார்வை இருக்கிறது.

முந்திய கடிதத்தைப் போன வெள்ளிக்கிழமை தபாலில் போட்டேன். பண்டிகைக்கு இரண்டு நாள் தபால் இல்லை, உங்கள் பக்கமும் இருந்திருக்காது. ரயிலிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அது சாம்பல் புதனுக்குப் பிறகுதான் வந்து சேரும்.

உறைமேல் அவசரம் என்று எழுதியிருக்கலாம். அன்று அது தோன்றவும் செய்தது. சாவுக்கும் நோய்க்கும்தானே எழுதுவார்கள், இது இரண்டும் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

நான் எழுதியது இப்போது மரப்பெட்டியில் இருக்கிறது. இதுவும் அங்கேதான் போகும். அப்படியும் எழுதுகிறேன், ஏன் என்று தெரியவில்லை.

நடாலி


புக்கிட் மேரா
29 மார்ச் 2026

அன்புள்ள அத்தைக்கு,

இன்று குருத்து ஞாயிறு. நீங்கள் ஓலை பிடித்திருப்பீர்கள். நான் நலம்தான்.

மடத்துக்கு ஒரு தடவை போன் செய்தேன். எண் உங்கள் பழைய அட்டையின் பின்பக்கம் இருந்தது. ஒரு சிஸ்டர் எடுத்து ஆங்கிலத்தில் கேட்டார், பிறகு மலாயில், பிறகு தமிழில், “யாரும்மா பேசுறது? சொல்லும்மா” என்றார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதித்தான் வைத்திருந்தேன். தாள் என் கையில் இருந்தது. அவர் வைக்கவில்லை, காத்துக்கொண்டே இருந்தார். நான்தான் வைத்தேன்.

நேற்று அம்மா போய்விட்டார். போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இருவரும் என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு மட்டும் என்னிடம் நேராகப் பேசினார்கள்.

“சொல்லுலா. யாரும் திட்ட மாட்டோம்” என்றார் அப்பா.

“உன் இஷ்டம்தான். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்றார் அம்மா.

யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதற்கு எடுத்துச் சொல்ல யாருடைய வார்த்தையும் இல்லை. உட்கார்ந்தே இருந்தேன். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அம்மா எழுந்து, “சரி. பேசாம இருந்தா என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அப்பா கூடயே இரு” என்றார். அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அப்பாவுக்கு என்ன அர்த்தமாகும் என்று யோசிப்பதற்குள் அம்மா அறைக்குள் போய்விட்டார்.

லிஃப்ட் வரும்வரை அம்மாவின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா, “உங்கப்பாகிட்ட சொல்லு” என்று ஆரம்பித்தார். பிறகு, “ஒண்ணுமில்ல, போ” என்றார். அப்பா கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அதை மட்டும் அவர் நம்பவில்லை.

இன்று ஒரு கழிதான் வெளியே இருக்கிறது.

நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். படிக்கவில்லை. அதற்கு முந்திய அத்தியாயம், மழை நின்று தூரத்தில் மண் அள்ளும் சத்தம் கேட்பதோடு முடிகிறது. நான் படிக்காதவரை யாரும் கீழே இறங்க முடியாது. படிக்கட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். இட்லி சாப்பிடுகிறார்கள்.

நடாலி


மடம், ஈப்போ
6 ஏப்ரல் 2026

என் நடாலிக்கு,

நேற்று உயிர்ப்புப் பூசை முடிந்ததும் மதர் பெட்டியைத் திறந்து உன் மூன்று கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்தார். தேதி வரிசையில் படித்தேன். முதல் கடிதத்தைப் படித்து முடித்தபோது, இன்றைய தேதியை மறந்து, எழுதிவிட வேண்டும், இன்னும் நேரமிருக்கிறது என்று எழுந்தே விட்டேன். பிறகு அடுத்ததைப் பிரித்தேன்.

என் அறைக்கும் மதரின் பெட்டிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தவக்காலம் முழுவதும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு உங்கள் வீட்டுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் அந்தப் பக்கம் இருந்தது. இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டவரிடமும் கேட்டுவிட்டேன்.

வாசல் சிஸ்டர் அந்த போனை நினைவு வைத்திருக்கிறார். பேசாமல் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார் என்று அன்று எங்களிடம் சொன்னார், யாரென்று தெரியாத அந்த ஆளுக்காக எல்லாரும் சேர்ந்து ஜெபித்தோம். அது நீதான். ஜெபம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அது போதவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

உறையில் அவசரம் என்று எழுதாததை இனி நினைக்காதே. இப்படியொரு விதி இருப்பதை உனக்குச் சொன்னேனே தவிர, தவக்காலம் எப்போது என்று ஜனவரிக் கடிதத்தில் எழுத எனக்குத் தோன்றவில்லை. தேதி எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மடத்துக்குள் இருந்தால் அப்படித்தான் தோன்றும்.

லாசரஸுக்கு எழுதியிருக்கிறேன். உன் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் தனித்தனி உறையில், தனித்தனியாகத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினால் ஒரு தபால்தலை மிச்சம் என்று வாசல் சிஸ்டர் சொன்னார். வேண்டாம் என்றேன். நீ எதையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு வருவதை அவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்.

அவன் கேட்பான் என்று முன்பு பெருமையாக எழுதினேன். இப்போது தெரியவில்லை.

கதையை இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். எழுத விருப்பமிருந்தால் மட்டும் எழுது.

உன் அத்தை


புக்கிட் மேரா
19 ஏப்ரல் 2026

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் நலம். அப்பாவுக்கு இருமல். அம்மா சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து என்னைப் பார்க்கிறார். சேலை வாங்க வந்தவர்போல நான் மடித்ததை எடுத்துப் பிரிக்கிறார், நான் மறுபடி மடிக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யும்னா அக்கா எங்களுக்கு ஐஸ் போட்ட டே பிங் தேநீர் வாங்கிவந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறார். போன வாரம் அம்மா, “ஒழுங்கா சாப்பிடுறியா” என்று கேட்டார். ம் என்றேன். அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பார் என்று சேலையை மெதுவாக மடித்தேன்.

சிஸ்டர்கள் கதையைக் கேட்கலாம். எனக்கு ஒன்றுமில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு நீங்கள் எழுதியது புதன்கிழமை வந்தது. கீழ்த்தளத் தபால்பெட்டியை எப்போதும் நான்தான் திறப்பேன். அப்பா எத்தனையோ கட்டடங்களின் லிஃப்டுகளைத் திறப்பார், எங்கள் தபால்பெட்டியை ஒரு நாளும் திறந்ததில்லை. மின்கட்டண உறைக்கு மேலே உங்கள் கையெழுத்து இருந்தது. கையை உள்ளே விட்டு உறையைத் தொட்டுவிட்டேன். பிறகு நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. பெட்டியைப் பூட்டிவிட்டு மேலே போனேன்.

அப்பா சோபாவில் தன் முனையில் உட்கார்ந்திருந்தார். சாவியை அவர் பக்கத்தில் வைத்தேன்.

“என்னா சாவி இது?”

“லெட்டர் பாக்ஸ்.”

“எனக்கு எதுக்கு?”

“உங்களுக்குத்தான் வந்திருக்கு.”

“யாருகிட்டேர்ந்து? நீ எடுத்துட்டு வர வேண்டியதுதானே?”

அப்பா சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தாரா என்று நான் பார்க்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். சாலை திறந்துவிட்டது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. மேலே படித்தேன்.

நடாலி